மன்னரின் இடது கால்

நிமிர்நாடு என்று ஒரு நாடு இருந்தது, கண்ணுகளா. அங்கே மன்னர் ஒருவர்தான் நிமிர்ந்து நிற்கலாம். போர்க்களத்தையே பார்த்திராத அந்த மன்னருக்குப் போர்க்கவசம் பூண்ட சலவைக்கல் சிலை ஒன்று வைத்தார்கள். மார்பில் சிங்கம், தோளில் மேலங்கி, முன்னே நீட்டிய வலது கை. மேலே அத்தனை பாரம், கீழே இரண்டே கால். அதனால் இடது காலை ஒட்டி ஒரு மரக்கட்டை வடிவையும் அதே கல்லில் செதுக்கியிருந்தார்கள். அந்த முட்டு இல்லாமல் கல் நிற்காது.

புகழ்த்துறை அமைச்சர் சிலையைச் சுற்றி வந்தார். "இந்தக் கட்டை எதற்கு? மாமன்னர் சாய்ந்து நிற்கிறார் என்று அண்டை நாட்டான் பேசமாட்டானா?"

"எடுத்தால் விழுந்துவிடும் ஐயா," என்றார் சிற்பி.

"மன்னர் விழுவார் என்கிறீரா?"

சிற்பி உளியை எடுத்தார். கட்டை போயிற்று. மறுநாளே கணுக்காலில் விரிசல் விட்டது.

உடனே ஆணை பிறந்தது: குடிகள் முறைவைத்து மன்னரின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பவர்கள் கண்ணில் படுவது இழுக்கு என்று அடுத்த ஆணை. எல்லோரும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கல்லோடு கல்லாக இருந்தார்கள். கல்லுக்குப் பசிக்காது என்று கண்டுபிடித்து, அப்புறம் அவர்களுக்கு ஊற்றிவந்த கஞ்சியையும் நிறுத்தினார்கள்.

பூவாத்தாள் என்ற குடியானவளுக்கு அறுப்புக் காலத்தில் முறை வந்தது. ஒற்றை ஆளாக நட்ட நெல் முற்றி நிற்கிறது. மேற்கே மழை இருட்டுகிறது.

"ஒரு நாள் விட்டீங்கன்னா அறுத்துப் போட்டுட்டு வந்துடுவேன் ஐயா. நனைஞ்சா முளைச்சுப் போகும். வருசம் முழுக்கப் பிள்ளைங்களுக்கு அதுதான் சோறு."

"கல் பேசக்கூடாது," என்றார் அமைச்சர்.

சிலையின் முழங்காலைப் பிடித்திருந்த மாயாண்டி முணுமுணுத்தார்: "சும்மா இரு தாயி. கல்லுக்கு மூச்சு எதுக்குன்னு கேட்டுரப் போறாரு."

அன்றைக்குத் தேர்தல். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. ஆனாலும் சிலைக்கு முன்னால் கூடிக் கை தூக்குவது அந்த நாட்டு வழக்கம். அமைச்சர் மேடை ஏறினார்.

"எவர் தயவுமின்றித் தன் காலில் தானே நிற்கும் மாமன்னரைப் பாருங்கள். மீண்டும் இவரே மன்னர் என்போர் இரண்டு கைகளையும் தூக்குக. தூக்காதவர் துரோகி. யாருக்கும் விலக்கில்லை."

பூவாத்தாள் திரும்பினாள். "யாருக்கும் விலக்கில்லையாமே அண்ணே?"

"நமக்குந்தான் தாயி."

காலைச் சுற்றியிருந்த அத்தனை வெள்ளைக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. ஒரு துரோகிகூட இல்லை.

சிலை அமைச்சரைப் பார்த்து மெல்லக் குனிந்தது. அவர் பதிலுக்கு வணங்கினார், பிறகுதான் ஓடினார்.

மன்னர் ஒருமனதாகத் தேர்வானார் என்று அரண்மனை அறிவித்தது. ஆணையை மீறியவர் எவரும் இல்லாததால் தண்டிக்கவும் ஆள் கிடைக்கவில்லை.

பூவாத்தாள் சுண்ணாம்பைக்கூடக் கழுவாமல் வயலில் இறங்கினாள். கடைசிக் கதிர்க்கட்டு வீட்டுக்குள் போனபோது மழை பிடித்தது. அவள் மேலிருந்த கல்லெல்லாம் கரைந்து ஓடியது.

அடுத்த மாதம் சேவகன் வந்து வாசலில் நின்றான். புதுச் சிலை வந்திருக்கிறதாம், கால் பிடிக்க ஆள் வேண்டுமாம்.

"வர்றோம் தம்பி," என்றாள் அவள். "அடுத்த தேர்தல் எப்போன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."