குனிய முடியாத கணவன்

அறுவை சிகிச்சை முடிந்த ஆறாவது வாரம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் குணமாவதில்லை.

எனக்கு வயது முப்பத்தாறு. தொழில், லிஃப்ட் ரிப்பேர். இடுப்பு எலும்புக்கு ரத்தம் போகவில்லை என்று மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பெரியவர், "அப்பாவுக்குத் துணையா வந்தியா தம்பி?" என்று கேட்டார். "எனக்கேதாங்க" என்றேன். தன் வலியை மறந்து எனக்காக வருத்தப்பட்டார்.

குனியக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், லீவு போட்டு வீட்டில் இருந்த என் மனைவி தினமும் காலையில் என் முன்னால் தரையில் உட்கார்ந்து, நடைப்பயிற்சிக்குச் சாக்ஸ் மாட்டிவிடுவாள். பதினோரு வருஷத்தில் இந்த வீட்டில் காலைப் பிடித்தவன் நான்தான். முதல் தடவையாக முறை மாறியிருந்தது. விடுவேனா?

ஆறாவது வாரம் அவள் மருந்து வாங்கப் போயிருந்தபோது பிசியோதெரபிஸ்ட், "சார், இனி நீங்களே சாக்ஸ் போடலாம், மாடி ஏறலாம்" என்றார். தலையாட்டினேன். அவள் வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"இன்னும் மூணு வாரம் இப்படியே இருக்கணுமாம்."

"குனியக் கூடாதா?"

"மூச்!"

"படி?"

"படியை ஏறிட்டுப் பாக்கக்கூடக் கூடாதாம்."

அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிப்பது அவள் பிரிவு. அவளே நம்பிவிட்டாள் என்றால் என் நடிப்பை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் சாக்ஸ் குதிகாலைத் தாண்டும்போது மெல்லக் கேட்டாள்.

"மாடி ரூம்ல ஒரு ஓரமா என் ஃபைலையெல்லாம் வெச்சுக்கவா? எத்தனை வருஷம்தான் சாப்பாட்டு மேஜையில வேலை பாக்கிறது?"

மாடி அறை என் ராஜ்ஜியம். பழைய லிஃப்ட் மோட்டார்கள், பட்டன் பலகைகள், முழுசாக ஒரு கதவு. என்றாவது உதவும் என்று பத்து வருஷமாகச் சேர்த்தவை. இந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவது என் வழக்கம். இப்போது கால் அவள் கையில். பாதி சாக்ஸோடு எங்கே போவது?

"ம்" என்றேன்.

மறுநாள், "அந்த மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்திக்கவா?" ம். அதற்கு மறுநாள், "ஜன்னல் பக்கம் எனக்கு?" ம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பத்து நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் அத்தனை பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

பொய் சொன்ன இரண்டாம் வாரம் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. டங். டர்ர்ர். டமால்.

"மேல என்ன சத்தம்?"

"தூசி தட்டறேங்க!"

"தூசி இவ்ளோ கனமாவா இருக்கு?"

"பத்து வருஷத் தூசியாச்சே!"

"நான் வந்து பாக்கறேன்."

"ஐயையோ! படியை ஏறிட்டே பாக்கக் கூடாதுன்னாரே!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஏறத் தெம்பிருந்தும் கீழே உட்கார்ந்து விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு டமாலுக்கும் அது எந்த மோட்டார் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்பதாவது வாரம் இருவரும் பிசியோதெரபிஸ்டிடம் போனோம்.

"சாக்ஸ் நீங்களேதானே போடறீங்க?" என்றார்.

எனக்கு இருமல் வந்தது. அவர் என் மனைவியைப் பார்த்தார். "என்னம்மா, மூணு வாரத்துக்கு முன்னாடியே நீங்க ஃபோன்ல கேட்டப்ப சொன்னேனே?"

"சொன்னீங்க சார். இவர் ஆசையாக் காலை நீட்டறாரு. வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

வீட்டு வாசலில் கைத்தடியை வீசிவிட்டு மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்தேன். ஒரு மேஜை. ஒரு நாற்காலி. வெள்ளைத் திரை. என்னுடையது ஒரு திருகாணிகூட இல்லை.

"என் மோட்டாரெல்லாம் எங்கடி?"

"நீங்க நடைப்பயிற்சிக்குப் போனப்ப ஆள் வந்து எடுத்துட்டுப் போயாச்சு. வியாழக்கிழமை வலது காலுக்குப் போடறப்ப கேட்டேனே, பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துடவான்னு. ம்னு சொன்னீங்க."

"பாதி சாக்ஸ்ல சொன்னதெல்லாம் செல்லாது!"

"பொய் க்ளெய்ம் போட்டவங்க அப்பீல் பண்ண முடியாதுங்க."

மாடியேறி வந்தவள் என்னையே பார்த்தாள். "பதினெட்டுப் படி. கைப்பிடியைக்கூடப் பிடிக்காம ஓடி வந்துட்டீங்க" என்றாள். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. மோட்டார் போனால் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "துடைப்பம் கதவுக்குப் பின்னாடி இருக்கு. நல்லாக் குனிஞ்சே கூட்டலாமாம், கேட்டுட்டேன்."