முன்னால் கை வைத்தவர்

எதைப் பழுது பார்க்கக் கூப்பிட்டாலும் பழுதை அப்படியே விட்டுவிட்டு, அதை முன்பு பார்த்தவனைத் தேடிப் போகிற ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் பழக்கம்தான். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து உள்ளே பார்க்கும் பல் டாக்டர், 'ச்சு' கொட்டிவிட்டு, "இத யாரு அடைச்சது?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னதால் யாருக்காவது பல்வலி நின்றிருக்கிறதா?

மகுடேஸ்வரன் இந்த இனத்தில் முதல் தரம். அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. இரண்டு வருடம் அங்கே இருந்தார், சண்டை போட்டுக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார், மூன்று வருடம் கழித்துப் போன மாதம்தான் திரும்பி வந்தார். இடையில் அந்த நாற்காலியில் இருந்தவர் மாதவன். மகுடேஸ்வரன் திரும்பி வந்த நாளிலிருந்து கேபிள் பின்னியிருந்தால் மாதவன், பிரிண்டர் இருமினால் மாதவன், மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அதுவும் மாதவன்.

ஒரு வியாழக்கிழமை இரண்டு மணிக்கு, பேக்கிங் பிரிவு இந்துமதி ஓடி வந்தாள்.

"சார், ஸ்டிக்கர் சாஃப்ட்வேர் தொறக்க மாட்டேங்குதுங்க. ஏஜென்ட் பழசுன்னு எரர் வருதுங்க. நாலு மணிக்குத் தூத்துக்குடி லாரி கெளம்போணுங்க."

ஸ்டிக்கர் ஒட்டாத அட்டைப்பெட்டி லாரியில் ஏறாது. லாரி பிந்தினால் கப்பல் காத்திருக்காது. ஏஜென்ட் என்பது, எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து மேய்ப்பதற்காக ஒவ்வொன்றுக்குள்ளும் உட்கார வைத்திருக்கும் சின்ன மென்பொருள். அது பழசாகிப்போனால் மற்ற மென்பொருளைத் திறக்க விடாது. புதுப்பிக்கப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் மகுடேஸ்வரன் புதுப்பிக்கவா வந்தார்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பெருமூச்சு விட்டார், போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"பாருங்க, ஏஜென்ட் தானா அப்டேட் ஆகறதயே நிறுத்தி வெச்சிருக்கறான். படிச்சவன் செய்யற வேலைங்களா இது?"

மணி மூன்று. சொற்பொழிவு முடியவில்லை. இந்துமதி கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் போனை எடுத்து, எல்லோரும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டு, மாதவனையே கூப்பிட்டுவிட்டார்.

"ஏனுங்க மாதவன், இப்புடிப் பண்ணி வெச்சுட்டுப் போயிட்டீங்களே!"

"நான் வந்தப்பவே அது அப்படித்தாண்ணே இருந்துச்சு," என்றார் மாதவன், கோபமே இல்லாமல். "தொடக்கூடாதுன்னு குறிப்பு வேற இருந்துச்சு. அதே பக்கத்துல கீழ பாருங்கண்ணே. யாரு நிறுத்துனதுன்னு பேரோட இருக்கும்."

இந்துமதி மவுஸை வாங்கிக் கீழே உருட்டினாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. காரணம்: 'தொந்தரவு'. நிறுத்தியவர்: மகுடேஸ்வரன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. திரையை ஒருமுறை, கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். மன்னிப்புக் கேட்பாரோ என்று இந்துமதிக்குக்கூட ஒரு நொடி தோன்றியது.

"எனக்கு முன்னால ஒருத்தர் இருந்தாருங்க," என்றார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "அவரு சொல்லித்தான் நிறுத்துனேன்."

மாதவன் போனில் படிப்படியாகச் சொல்லச் சொல்ல, இந்துமதியே ஏஜென்டைப் புதுப்பித்தாள். சாஃப்ட்வேர் திறந்தது. ஸ்டிக்கர்கள் சரசரவென்று வந்தன. லாரி ஐந்தேகாலுக்குக் கிளம்பியது. கப்பலை எப்படியோ பிடித்துவிட்டது. தாமதம் ஏன் என்று முதலாளி கேட்டபோது, "லாரி டிரைவர் சரியில்லீங்க. முன்னாடி வந்தவரு தேவல," என்றார் மகுடேஸ்வரன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது, 'இந்தக் கணக்கை எந்த மடையன் போட்டான்?' என்று கேட்க வாயைத் திறந்து, கையெழுத்து உங்களுடையது என்று தெரிந்ததும் அதை ஒரு கொட்டாவியாக மாற்றிக்கொண்டீர்களே, யாரும் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்?