நெளிகோடு இல்லாத சமக்குறி

அர்ஜுனன் காலையில் ஓட்டிய புரோகிராம், ஆபீஸில் அத்தனை பேரும் வேறு வேலை தேடுவதாகச் சொன்னது. முதல் பெயர் மேனேஜர் ரங்கநாதன்.

"என்னப்பா இது?" என்றார் ரங்கநாதன்.

"பக் சார். புரோகிராம்ல ஏதோ பூச்சி."

"யாரு, நானா?"

அது 2001. எலெக்ட்ரானிக் சிட்டியில் வாரத்துக்கு ஒரு கம்பெனி போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தது. இவர்களுடைய போர்டு ஒரே ஒரு அமெரிக்க கிளையண்டின் தயவில் தொங்கியது. வருகிற, போகிற மெயில்களில் 'ரெஸ்யூமே' என்ற சொல் இருந்தால் பிடித்துத் தரச் சொல்லியிருந்தார் ரங்கநாதன். ஆட்குறைப்பில் பிடிபட்டவர்தான் முதலில் வெளியே. யாரும் பிடிபடாவிட்டால் அர்ஜுனன் வெளியே.

தேடியதில் தப்பு கிடைத்தது. சமக்குறிக்குப் பக்கத்தில் ஒரு நெளிகோடு போட்டால் 'தேடு' என்று அர்த்தம். அவன் வெறும் சமக்குறி போட்டிருந்தான். அதற்கு அர்த்தம் 'இதையே எழுதிவை'. புரோகிராம் கீழ்ப்படிந்து, காலையிலிருந்து போன ஒவ்வொரு மெயிலையும் அழித்துவிட்டு 'ரெஸ்யூமே' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தது.

"கிளையண்டுக்கு நான் போட்டதுமா?"

"ஆமா சார். சுருக்கமா போயிருக்கு."

ரங்கநாதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு ஆள் வேணும். இல்லன்னா நீதான் அந்த ஆள்."

அர்ஜுனன் நெளிகோட்டைச் சேர்த்தான்; ஆனால் பதற்றத்தில் சமக்குறி இருந்த இடத்தில் ஆச்சரியக்குறி போட்டுவிட்டான். அதற்கு அர்த்தம் 'இல்லாததைப் பிடி'. உருப்படியான மெயில்களெல்லாம் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. ரெஸ்யூமேக்கள் மட்டும் தடையில்லாமல் வெளியேறின.

பக்கத்து சீட் ரூபினி எட்டிப் பார்த்தாள். "காலைல என்னோடது ஒரே வார்த்தையா போச்சு அர்ஜுன். இப்ப முழுசா போயிடுச்சு. தேங்க்ஸ்பா."

"மெதுவா பேசு. இதைச் சரி பண்ணிட்டா நீதான் மாட்டுவ."

"நான் அனுப்பி முடிச்சாச்சு. நீ அனுப்பலையா?"

"அனுப்பினா நானே என்னைப் பிடிக்கணும்."

மாலையில் சமக்குறியும் நெளிகோடும் ஒருவழியாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. வெளியே கேப் டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

"மாட்டிச்சா?" ரங்கநாதன் ஓடி வந்தார். "யாரு?"

ரூபினி குனிந்து படித்தாள்.

"நம்ம ஆளு இல்ல சார், கிளையண்ட். அவங்க கம்பெனியை வெள்ளிக்கிழமை மூடறாங்களாம், காலைல நீங்க மெயில்ல கேட்டீங்கன்னு அவரோட ரெஸ்யூமேவை அனுப்பியிருக்காரு."