கோலமாவில் கட்டிய கக்கூஸ்

கொடைக்கானல் மலையில் எங்கள் பேத்துப்பாறைப் பக்கம் அட்டை கடிக்காத கால்கூட ஒன்றிரண்டு இருக்கலாம். 'ஒத்திகை' கொத்தனாரிடம் மானத்தைப் பறிகொடுக்காத குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் பாதிரியாருக்கு மட்டும்தான் தெரியும். வருஷா வருஷம் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறவர் அவர்தான். அந்தப் பழக்கம் முற்றிப்போய், வீடு கட்டுகிற இடத்திலும் ஒத்திகை பார்க்காமல் செங்கல்லைத் தொடமாட்டார். அடுப்படி கட்டச் சொன்னால், வீட்டுக்காரம்மா வெறும் தரையில் நின்று, இல்லாத அடுப்பில் இல்லாத தோசையைத் திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு வீட்டில், "தோசை கருகிருச்சுக்கா, மொதல்ல இருந்து வாங்க" என்று திரும்பச் சுடவைத்திருக்கிறார்.

நான் திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். கோடை விடுமுறையில் எனக்குச் சோலி கிடையாது. போன விடுமுறையில் மலைக்குப் போய், அப்பா அம்மா இருக்கிற வீட்டைச் சரிசெய்யத் தொடங்கினேன். கூரைத் தகரம் மாற்றியாயிற்று. வயரிங் முடிந்தது. பாக்கி இருந்தது கக்கூஸ்.

பழைய கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், சரிவில் இறங்கிப் போகிற இடத்தில் இருந்தது. மழையில் அங்கே போன அப்பா வழுக்கி விழுந்து, இடது முழங்கால் மடங்காமலே போய்விட்டது. இனிக் குந்தி உட்கார முடியாது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டை ஒட்டி ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரையும் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போவதென்று சொல்லிவிட்டேன்.

"அந்த வெக்கையில ரெண்டு பேரும் அப்பளமாப் பொரிஞ்சு போவோம்டா" என்றாள் அம்மா.

அப்பா என் மிரட்டலுக்கும் மசியவில்லை. "சிலோன்ல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்பவே கக்கூஸ் எட்டத்துலதான் இருந்துச்சு. அடுப்படிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்புடிச் சோறு திங்குறது? நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஐயா ஒத்துக்கவே வேணாம். சும்மா உக்காந்து மட்டும் காட்டுங்க, போதும்" என்றார் நான் வேலைக்குக் கூட்டிவந்திருந்த ஒத்திகை கொத்தனார்.

அம்மாவின் கோலமாவு டப்பாவைக் கேட்காமலே எடுத்தார். அடுப்படிச் சுவருக்கு வெளியே, ரோட்டைப் பார்த்த காலி இடத்தில் ஒரு கட்டம் போட்டார். பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, "இதான் பேசின்" என்றார். வேலை செய்தால் போதும் என்று நான் ஓரமாக நின்றதுதான் தப்பு.

"தம்பி, நீங்க வாங்க. கதவத் தட்டுங்க."

நாலு பேர் பார்த்தால் எனக்குக் கைகால் ஓடாது. காற்றில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"சத்தம் வரலையே!"

"டொக் டொக்" என்றேன்.

கட்டத்துக்குள் நின்றுகொண்டு, "உள்ள ஆளிருக்கு, அப்புறம் வாங்க!" என்று அவரே அதட்டினார். நானும் "சரிங்க" என்று திரும்பிவிட்டேன்.

திட்டுவதற்காக வெளியே வந்த அப்பாவை, தோளைப் பிடித்து வாளிமேல் உட்கார்த்திவிட்டார். ஒரு காலை நீட்டி, கொத்தனார் கொடுத்த தண்ணீர் மக்கைக் கையில் பிடித்து அப்பா உட்கார்ந்திருந்த அந்த நேரம் பார்த்து ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. மே மாதம், கொடைக்கானலுக்கு வந்தவர்கள் பசுமாட்டைக்கூட விடாமல் போட்டோ எடுக்கிற காலம்.

"அண்ணே, ஷூட்டிங்கா?"

"ஆமா. பெரியவருதான் ஹீரோ. சத்தம் போடாம நில்லுங்க" என்றார் கொத்தனார்.

வேன் முழுக்க செல்போன்கள் நீண்டன. கொத்தனாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஐயா, எல்லாம் முடிஞ்சுருச்சு, இப்பத் தண்ணி ஊத்துறீங்க. மொகத்துல ஒரு நிம்மதி வரணும். ம்ஹூம், நிம்மதி பத்தல!"

"தாத்தா, இங்க பாத்துச் சிரிங்க!" என்றது வேனிலிருந்து ஒரு குரல்.

அப்பா மக்கைத் தூக்கி எறிந்தார். "ஏலே, மொதல்ல செவுத்த எழுப்புலே!"

அதுதான் சம்மதம். அடுப்படிக்குள் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சுவர் வெரசாகவே எழும்பியது. பேசின் வைத்து, கதவும் மாட்டியான பிறகு அப்பாவை உள்ளே அனுப்பினோம். தேர் கிளம்பக் காத்திருப்பவர்கள் மாதிரி மூன்று பேரும் வாசலில் நின்றோம்.

"கதவு சாத்த முடியலடா!"

கோலமாவுக் கோட்டுக்குக் கனம் கிடையாது, செங்கல் சுவருக்கு உண்டு. கோட்டுக்கு உள்பக்கமாகவே சுவரை எழுப்பியதில் அறை சுருங்கிவிட்டது. அப்பாவின் மடங்காத கால் வாசலுக்கு வெளியே, செருப்போடு நீட்டிக்கொண்டிருந்தது.

கொத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "எல்லாருக்கும் வேஷம் குடுத்தேன். செவுத்துக்குக் குடுக்க மறந்துட்டேனே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கிவிட்டது. "சரிம்மா, கிளம்புங்க. போயிரலாம்" என்றேன். அம்மா சேலைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். பிறகு ஆணியிலிருந்து சாமி படங்களைக் கழற்றினாள். கொத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சட்டென்று கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளனே, மஞ்சு கலையாத நேரத்தில் சுத்தியல் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், வாசல் பக்கத்துச் சுவரை அவர் இடித்துக்கொண்டிருந்தார்.

"ஒத்திகை பாக்கலையாண்ணே?" என்றேன்.

"ஏன் தம்பி, நீங்க வேற! அதுக்கெல்லாம் நேரம் எங்க கெடக்கு?"

ஒரு முழம் வெளியே தள்ளிப் புதுச் சுவர் வைத்தார். மத்தியானம் தூறல் விழுந்தபோது, ஈரச் சுவருக்குமேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டே நின்றார். "அண்ணே, சாப்பிட்டு வாங்க" என்று சொன்னதற்கு, "இது காயட்டும்" என்றார். மலையில் எது காயும்?

கதவைத் திரும்ப மாட்டிய அன்று அப்பா உள்ளே போனார். சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா ஓடிப்போய்ப் பையிலிருந்த சேலைகளை வெளியே எடுத்தாள். திண்டுக்கல் போக வத்தலக்குண்டு பஸ் ஏறி, நான் மட்டும்தான் மலையிறங்கினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கொத்தனார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாராம். "எங்கயாச்சும் ஒழுகுதாக்கா?" என்று கேட்பாராம். எங்கேயும் ஒழுகவில்லை. சும்மா குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்பா போட்டுக் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போவாராம்.

போன வாரம் அப்பா போனில், அம்மாவுக்குக் கேட்காதபடி ரகசியமாகப் பேசினார்.

"ஏப்பா, இந்தக் குழாய லேசா ஒழுகவுடணும்னா எந்தப் பக்கம் திருகணும்? பாவம், அந்தாளு வந்து வந்து சும்மா திரும்பிப் போறான்."

நானும் சொல்லிக்கொடுத்தேன்.