அப்பாவிடம் கார் சாவி கேட்ட கதை

போனில் மட்டும் முகம் காட்டும் அண்ணனுக்கு, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து தங்கை எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். கார்தான் கொஞ்சம் நலமில்லை. நீயும் அண்ணியும் ஏசி அறையில் இருக்கிறவர்கள், உங்கள் நலத்துக்கு என்ன குறைச்சல். போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங்" என்று ஓடிவிடுகிறாய். கடிதத்தை விட்டு எங்கே ஓடுகிறாய் பார்க்கிறேன்.

நீ சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தேன். அப்பா அதில் துண்டைக் காயப்போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறார். ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு வைத்தேன், எரியும்போதெல்லாம் "யாரது?" என்கிறார், பதில் வராவிட்டால் திட்டுகிறார். விழுந்தால் அமுக்கச் சொல்லிக் கழுத்தில் மாட்ட ஒரு பட்டன் அனுப்பினாயே, அதுதான் பெரிய கூத்து. போன வாரம் என் போன் அலறியது. தையல் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, ஒரு கை மட்டும் வைத்த சட்டையும் ஊசியுமாக ஓடினேன். அப்பா விழவில்லை. காரில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? பின்னாடி நின்னு பார்த்துச் சொல்லும்மா, ரிவர்ஸ் எடுக்கணும்."

"அப்பா, அது விழுந்தா அமுக்குறது."

"நீ பார்த்துச் சொல்லலன்னா சாக்கடையில விழுவேன்ல? அதான் முன்னாடியே அமுக்கிட்டேன்."

ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு, பின்னால் நின்று பார்த்துச் சொன்னேன்.

விஷயம் என்னவென்றால், அவருக்குக் கழுத்து திரும்பவில்லை. உனக்குப் பயந்து டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை அழைத்து வந்தேன், ஓட்டுவதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. அவர் முன்சீட்டுக் கதவைத் திறந்ததும், "பின்னாடி உட்காருங்க தம்பி, அது என் பையன் சீட்டு" என்றார் அப்பா. நீ போன நாளிலிருந்து எனக்கே பின்சீட்டுதான், மாஸ்டர் எம்மாத்திரம். பரீட்சை வைக்க வந்தவர் என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து பரீட்சை வைத்தார்.

"ஐயா, கழுத்தே திரும்பலையே. பக்கத்துல வர்ற வண்டி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் என்னைப் பார்த்துப்பான். நான் முன்னாடிதானே போறேன்."

இறங்கும்போது மாஸ்டரின் முகம் வெளுத்திருந்தது. "ஐயா ஓட்டினது போதும்மா" என்றார்.

நான் அப்போதே அப்பாவிடம் கையை நீட்டினேன். "சாவியைக் குடுங்கப்பா."

"அவன் ஸ்டேஷன்ல வந்து இறங்கினா யாரு கூட்டிட்டு வர்றது? நீ மிஷின்ல போவியா?"

"டாக்ஸி பிடிச்சு வருவான்."

"சொந்த வீட்டுக்கு எதுக்கு டாக்ஸி? விருந்தாளியா அவன்?" என்றவர், துணியை எடுத்து முன்சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். யாருமே உட்காராத சீட்டில் என்ன தூசி இருக்கும் சொல். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சாவியை அவன் கையிலதான் குடுப்பேன். நேர்ல வந்து வாங்கிக்கட்டும்."

ஆகவே அண்ணா, கம்பியும் விளக்கும் என்னால் ஆனது. சாவி என்னால் ஆகாது. திரும்பாத கழுத்தோடு அவர் தெருவில் போகப் போக, இங்கே என் தையல் கோணல் கோணலாகப் போகிறது. ஒரு நாள் வந்து, முன்சீட்டில் உட்கார்ந்து, சாவியை வாங்கிக்கொண்டு போ. அதற்குமேல் உன்னை இருக்கச் சொல்ல மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உன் தலையில் முடி மிச்சமிருந்தால் அதையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
பின்சீட்டுத் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், மனசு கேட்காமல் பிரித்து எழுதுகிறேன். மாஸ்டர் வந்த அன்றே அப்பா சாவியை என் கையில் வைத்துவிட்டார். பக்கத்துச் சந்திலிருந்து சைக்கிளில் வந்த அம்மாளை அவர் பார்க்கவே இல்லை. மாஸ்டர் கத்தினதால்தான் பிரேக் போட்டார். அதன்பிறகு வண்டியைத் தொடவுமில்லை, கடைக்கு நடந்தே போய் வருகிறார். உன் கையில்தான் கொடுப்பேன் என்றது நானும் அவரும் சேர்ந்து கட்டிய கதை. "குடுத்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதே, சாவி வாங்கவாவது வருவான்" என்றார். நான் சொல்லிவிட்டேன். இனி நீ வருவதற்கு ஒரு காரணமும் இல்லை அண்ணா. வா.