காந்தாரத்தைக் குடித்தவள்

"காந்தாரத்தை யாரோ குடிச்சிருக்கா" என்றார் பாட்டு வாத்தியார் தோத்தாத்ரி.

யு.கே.ஜி. வகுப்பில் எட்டுப் பீங்கான் கிண்ணங்கள் தண்ணீரோடு வரிசையாக இருந்தன. கிண்ணத்துக்கு ஒரு ஸ்வரம். ஸ்வரத்துக்கு ஒரு குழந்தை. கையில் மூங்கில் குச்சி. மேற்குத் தாம்பரத்து நர்சரிப் பள்ளியின் 1988-ஆம் வருஷ ஆண்டு விழாவில் நாலு வரி ஜலதரங்கம். மெட்டு தோத்தாத்ரியே போட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் அதை வாசிக்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் கிண்ணத்துக்காரி செல்வமேரி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் குடிச்சே?"

அவள் வாயைத் திறந்தாள்.

"பேசாதே" என்றார். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

வகுப்பு ஆசிரியை மெட்டில்டா, "ஒரு சுருதிப் பெட்டி வெச்சு சரி பாருங்களேன் சார்" என்றாள்.

"பெட்டியெல்லாம் காது இல்லாதவாளுக்கு, மிஸ்."

மாம்பலத்தில் மூன்று வருஷம் பாட்டுக் கற்று, குருவே கும்பிட்டு அனுப்பிவைத்த காது அது. அந்தக் காதை நம்பிச் செம்பிலிருந்து மறுபடி ஊற்றினார்.

விழா நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம் என்று கரஸ்பாண்டென்ட் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால், குரோம்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் சைலபோன் வாத்தியத்தோடு அந்த வேலைக்கு வரத் தயாராக இருந்தாள். தோத்தாத்ரியின் மனைவி ஞானாம்பாளோ, நிரந்தரமாகிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

மறுநாள் பயிற்சிக்கு முன்பே எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். இரண்டாவது வரியில் ரிஷபமும் தைவதமும் எழுந்து பாத்ரூமுக்குப் போயின. பின்னாலேயே மற்றவை.

"இன்னா சார், நீ குட்த்துகினே கீறே, நான் இட்டுகினு போய்கினே கீறேன்" என்றாள் ஆயா கங்கம்மா.

திரும்பி வந்த செல்வமேரி முதல் வேலையாகக் காந்தாரத்தில் இரண்டு வாய் குடித்தாள்.

அடுத்த நாள் கிண்ணங்களில் உப்புப் போட்டார். செல்வமேரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து மற்ற ஏழு பேரும் ருசி பார்த்தார்கள். பஞ்சமம் வாந்தி எடுத்தது.

பிறகு வேப்பிலையை அரைத்துக் கலந்தார். மேதைகளுக்கு இப்படித்தான் தோன்றும். சாயங்காலம் குழந்தைகள் வேப்பிலை வாசனையோடு வீடு திரும்பினார்கள். பள்ளியில் அம்மை போட்டிருக்கிறது என்று இருட்டுவதற்குள் கீழ்க்கட்டளை வரைக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் முப்பது பேரில் ஒன்பது பேர் வந்தார்கள்.

"அம்மையா, நீங்களா, ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கலாம்" என்றார் கரஸ்பாண்டென்ட்.

தோத்தாத்ரி சைக்கிளில் வீடு வீடாகப் போய், அம்மை இல்லை, சங்கீதம்தான் என்று விளக்கினார். சில பெற்றோர் அம்மையே தேவலை என்பதுபோல் பார்த்தார்கள். எப்படியோ குழந்தைகளைத் திரும்ப அனுப்பினார்கள்.

விழாவன்று உப்பும் இல்லை, வேப்பிலையும் இல்லை, செல்வமேரியும் இல்லை. காந்தாரத்துக்கு வேறொரு பையனை உட்கார வைத்தார். சிறப்பு விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்கும் வேலையை அவளுக்குத் தந்து, மேடை ஓரத்தில் நிறுத்தினார்.

சிறப்பு விருந்தினர் ராஜாராமன், கல்வி அதிகாரி; வீணை வாசிப்பவர். அவர் முன்வரிசையில் உட்கார்ந்ததும் குழந்தைகள் முதல் வரியைத் தட்டினார்கள். அவர் முகம் பல்வலிக்காரர் முகம்போல ஆயிற்று.

செல்வமேரி பூச்செண்டைக் கீழே போட்டாள். மேடையேறிக் காந்தாரத்தைக் குடித்தாள். தைவதத்தைக் குடித்தாள். அதில் பாதியை ரிஷபத்தில் துப்பினாள். கூட்டம் சிரித்தது. தோத்தாத்ரி கண்ணை மூடிக்கொண்டார். குரோம்பேட்டை அம்மாள் சைலபோனோடு பஸ் ஏறுவது அவருக்குத் தெரிந்தது.

குழந்தைகள் மறுபடி தட்டினார்கள். நாலு வரியும் தேன்மாதிரி வந்தது.

ராஜாராமன் எழுந்தே விட்டார். "சுருதி சுத்தம். யார் சேர்த்தது?"

தோத்தாத்ரி கண்ணைத் திறந்தார். "அடியேன்தான்" என்று வளைந்தார். "காதாலேயே சேர்ப்பேன். பெட்டி வெச்சுக்கறதில்லை." கரஸ்பாண்டென்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ராஜாராமன் மேடையேறி வந்து, குனிந்து செல்வமேரியைக் கேட்டார். "நீ ஏம்மா அதைக் குடிச்சே?"

இந்தத் தடவை பதிலுக்குக் காத்திருக்க ஓர் ஆள் இருந்தார்.

"சார் ஊத்தி வெச்சா தப்பா பாடுது" என்றாள் அவள். "அதான் தினமும் நான் குடிச்சு சரி பண்றேன்."