பின்கதவில் வந்த அழைப்பு

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட நாட்களில்தான் எனக்குப் பெரிய அவமானங்கள் நேர்ந்திருக்கின்றன. அவற்றில் முதலிடம் ஒரு மோடத்துக்கு.

நெல்லியடியில் வீடு. வேலை சுன்னாகத்தில், ஒரு கட்டடப்பொருள் கடையின் கணினிகளைப் பார்ப்பது. கடையில் இணையம் விழுந்தால் ரவுட்டரைத் தட்டி எழுப்ப நான்தான் மோட்டார்சைக்கிளில் ஓட வேண்டும். (மழையில்தான் அது விழும்.) அலுத்துப்போய், ரவுட்டரின் பின்னால் ஒரு மோடத்தைப் பொருத்தி, கடையில் சும்மா கிடந்த பழைய தொலைபேசி இணைப்பில் மாட்டினேன். இனி வீட்டிலிருந்தே அந்த இலக்கத்துக்கு அழைத்தால் மோடம் கீச்சென்ற சத்தத்தோடு எடுக்கும்; கடவுச்சொல்லைக் கொடுத்து ரவுட்டருக்குள் நுழையலாம்.

அதே வாரம் எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வித்யாவின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தகப்பன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

இரண்டொரு நாளில் மோடத்தின் பதிவைப் பார்த்தேன். ஒரே கைபேசி இலக்கம் திரும்பத் திரும்ப அழைத்திருந்தது. கடவுச்சொல் கொடுக்காமலே துண்டித்திருந்தது. யாரோ உள்ளே புகப் பார்க்கிறான்! பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். (என்னையும் மதித்து ஒருவன் ஹேக் பண்ணுகிறானே.) மனேஜரைப் பக்கத்தில் இருத்தி, ஸ்பீக்கரில் போட்டு அந்த இலக்கத்துக்கு அழைத்தேன்.

"நீர் என்ன செய்யிறீர் எண்டு எங்களுக்குத் தெரியும். இன்னொருக்கா எடுத்தால் பொலிசிலை குடுப்பன்."

மறுமுனையில் ஒரு வயதான குரல்.

"தம்பி, நான் போன்தானே எடுத்தனான்? எடுக்க எடுக்க என்னவோ கீச்சிடுகுது."

"கதை விடாதையும். ஆர் இந்த நம்பரைத் தந்தது?"

"உங்கடை கடைப் போர்டிலை கிடக்கு. உங்கை சுதன் எண்டொரு பெடியன் வேலை செய்யிறாராம். என்ரை மகளுக்குப் பேசுறம். ஆள் பொறுமைசாலியோ எண்டு விசாரிக்கத்தான் எடுத்தனான். நீர் ஆர் கதைக்கிறது?"

மனேஜரின் பெயரைச் சொல்லித் தப்பலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சுதன்தான் ஐயா கதைக்கிறது."

அன்று பின்னேரமே அம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டு என்னை வித்யா வீட்டுக்கு இழுத்துப் போனார். மோடம், ரவுட்டர் எல்லாவற்றையும் வியர்க்க வியர்க்க விளக்கினேன். வித்யாதான் கேட்டாள்:

"அப்ப, கீச்சிட்டது நீங்கள் இல்லையோ?"

தகப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் நடந்தது.

ஆனால் இன்றுவரை மாமா என் கைபேசிக்கு நேரே அழைத்ததில்லை. முதலில் என் மகளுக்கு எடுப்பார்.

"அப்பரிட்டை ஒருக்காக் கேள் பிள்ளை, நான் போன் எடுக்கலாமோ, இல்லாட்டிப் பொலிசுக்குப் போவாரோ எண்டு."